ஊசியைப் பார்க்கக் கேட்டவன்

தலைவர் ஊசியின் மேல் வாயால் ஊதினார்.

சின்ன ஊது இல்லை. பிறந்தநாள் கேக்கின் மெழுகுதிரிகளை அணைப்பது போல, கன்னம் இரண்டும் உப்ப, எச்சில் தெறிக்க ஓர் ஊது. பிறகு ரெக்கோர்ட் பிளேயரின் கையை அந்தரத்தில் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார்.

“தூசிதான். இப்ப போயிட்டுது. கணேசு, தட்டைக் கொண்டா.”

லண்டன் கிங்ஸ்பரியில், எங்கள் சங்கம் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்காக வாடகைக்கு எடுக்கும் பாடசாலை மண்டபம் அது. ஹீட்டர் சூடாவதற்குள் வாடகை நேரம் முடிந்துவிடும். எல்லோரும் கோட்டோடு நின்றோம். சமையலறைப் பக்கமிருந்து வடை பொரியும் மணம் வந்தது. எனக்குப் பக்கத்தில் கணேசண்ணை ஒரு சுப்பர்மார்க்கெட் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பைக்குள் ஒரு வேட்டி. வேட்டியின் மடிப்புக்குள் ஓர் இசைத்தட்டு.

அவர் அசையவில்லை. தலைவரைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தார்.

கண்ணில் இடுக்கிப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி என் கையில் இருந்தது. அந்த ஊசியை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தேன். அதை எந்தத் தட்டிலும் வைக்கக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியும் இருந்தேன். அதற்குப் பதில்தான் அந்த ஊது.

அன்று தொடங்கிய கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

பைக்குள் இருந்தது

எண்பதுகளின் பிற்பகுதி. வருடம் சரியாக நினைவில்லை. கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதும், மழை பெய்தால் என் சப்பாத்துக்குள் தண்ணீர் போகும் என்பதும் நினைவிருக்கின்றன.

கணேசண்ணை அப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தார். குட்மேய்ஸில் மச்சான் வீட்டில் ஓர் அறை. தலை நரைக்கத் தொடங்கிய வயது. அவருடைய தகப்பனார் நாதஸ்வரக்காரர். யாழ்ப்பாணத்தில் பல கோயில் திருவிழாக்களில் வாசித்தவர். ஒரே ஒரு தடவை கொழும்பில் ஏதோ ஒரு கொம்பனி அவரைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லி, தட்டில் பதிந்தது. அடித்தது கொஞ்சத் தட்டுகள். பிறகு அந்தக் கொம்பனியே இல்லாமல் போய்விட்டது.

தகப்பனார் இறந்தார். சில காலத்தில் ஷெல் விழுந்து வீடும் போனது, வீட்டிலிருந்த தட்டுகளும் போயின. ஒன்று மட்டும் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் தப்பிக் கிடந்தது. கணேசண்ணையின் தங்கை அதைத் தேடி எடுத்து, லண்டன் வந்த ஒருவரிடம், உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொடுத்து அனுப்பினாள். தகப்பனாரின் படம் என்று ஓர் அடையாள அட்டைப் படம்தான் மிச்சம். அவர் வாசிக்கிற படம் கிடையாது. அந்த மனிதர் வாசித்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தட்டு.

லண்டன் வந்ததிலிருந்து கணேசண்ணை அதைக் கேட்டதில்லை.

“என்னட்டைப் பிளேயர் இல்லை. ஆற்றையும் வீட்டை கொண்டுபோய்ப் போடவும் பயம் தம்பி,” என்று ஒருமுறை சொன்னார். “அவையின்ரை ஊசி எப்பிடி எண்டு எனக்கென்ன தெரியும்.”

அந்தக் காலத்தில் எங்கள் விழாக்களில் மங்கல இசை என்றால் கசெற் நாடாதான். இந்தியாவிலிருந்து வந்த கசெற், பல கை மாறி, நடுவில் ஓரிடத்தில் நீந்துகிற மாதிரி இழுக்கும். அந்த வருட ஆண்டு விழாவுக்கு அப்படி வேண்டாம், எங்கள் மண்ணின் நாதஸ்வரத்தோடு தொடங்குவோம் என்று சங்கத் தலைவருக்கு ஓர் எண்ணம் வந்தது. நல்ல எண்ணம். அதை நான் மறுக்கவில்லை. குட்மேய்ஸுக்குக் காரில் ஆள் அனுப்பித் தட்டைக் கேட்டார்.

கணேசண்ணை ஓம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “போட முதல் அந்தத் தம்பி ஊசியைப் பாக்கோணும்.”

அந்தத் தம்பி நான்.

பழுதான ஊசியும் பாடும்

போன கிழமை இந்தப் பத்தியில் ஹவுன்ஸ்லோ பெற்றோல் நிலைய வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தொலைபேசியில், “நீர் ஒரு இடத்திலையும் நிண்டு பிடிக்கேல்லையோ?” என்று கேட்டார். நின்று பிடித்த இடம் ஒன்று உண்டு. அதே ஹவுன்ஸ்லோவில், பழைய ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் திருத்துகிற ஒரு கடை. கல்லூரி முடிந்த பின்னேரங்களில் அங்கே வேலை. பக்கத்து விமான நிலையத்துக்கு வானூர்திகள் கூரைக்கு மேலே இறங்கும்போது மேசையில் ஸ்குரூக்கள் நடுங்கும். அங்கேதான் ஊசி பார்க்கப் பழகினேன்.

பிளேயரின் கை நுனியில் அரைத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் கார்ட்ரிட்ஜ். அதன் கீழே தலைமயிர் மாதிரி ஒரு தண்டு. தண்டின் நுனியில் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத ஒரு வைரத் துகள். இதைத்தான் நாங்கள் ஊசி என்கிறோம்.

பழுது பார்ப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முன்னாலிருந்து பார்த்தால் தண்டு நேராக நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டியின் வயிறு தட்டில் முட்டக்கூடாது. பிறகு பூதக்கண்ணாடியால் நுனியைப் பார்க்க வேண்டும். கடைசியில் மீற்றரை வைத்து, பெட்டிக்குள்ளே கம்பிச்சுருள்கள் அறாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால் சரி.

ஊசி பழுதென்றால் பாட்டு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நிற்காது. பழுதான ஊசியும் பாடும். பாடிக்கொண்டே தட்டைச் சீவும். சீவியதைத் திரும்ப ஒட்ட ஒருவராலும் முடியாது. புதுத் தட்டு என்றால் இன்னொன்று வாங்கலாம். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற தட்டை என்ன செய்வது?

எங்கள் வீடுகளில் ஊசி படும் பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தட்டுத் துள்ளினால் பெட்டியின் தலையில் ஒரு பத்துப் பென்ஸ் நாணயக் குற்றியை வைப்போம். அதற்கும் துள்ளினால் இன்னொன்று. நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கார அண்ணை, ராணியின் தலை மேலே பார்க்க வைத்தால்தான் துள்ளாது என்று நம்பினார். சுமக்கிற பாரம் கூடக் கூட ஊசி தட்டைத் தோண்டும் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அஞ்சு பென்ஸ் வைப்பமோ?” என்றார்.

அதில் எனக்குக் கோபமில்லை. அவர் தன் தட்டைத்தான் தோண்டினார்.

மஞ்சளாக ஏதோ

சங்கத்தின் பிளேயர் சாதாரணமானது இல்லை. தலைவர் நன்கொடையாகக் கொடுத்தது. கணக்காளராக அவர் நல்ல நிலைக்கு வந்திருந்த காலம். பிளேயர், ஆம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. ஸ்பீக்கர்களில் பித்தளைத் தகட்டில் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. சரஸ்வதி பூசை அன்று குத்துவிளக்கேற்றி, எல்லோரும் கைதட்ட, மேடையில் வைத்துக் கையளித்தார்.

விழாவுக்கு ஒரு கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, ஒத்திகை. நான் முழங்காலில் இருந்து, கையடக்க டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினேன். சுற்றிலும் செயற்குழு.

“தம்பி படிக்கிறது எலெக்ட்ரோனிக்ஸோ, பல் வைத்தியமோ?” என்று செயலாளர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாயில் டோர்ச் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

முதலில் கண்டது மஞ்சளாக ஏதோ ஒன்று. தண்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. பிரஷ்ஷின் நுனியை ஸ்பிரிற்றில் நனைத்து, பின்னாலிருந்து முன்னுக்கு மெல்லத் தடவினேன். மணம் வந்தது. சந்தனம்.

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும். பூசைக்கு வைத்த எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். புத்தகத்துக்கு வைப்போம், வீணைக்கு வைப்போம், தட்டச்சு இயந்திரத்துக்கும் கால்குலேற்றருக்கும் புதுக் காரின் ஸ்ரியறிங்குக்கும் வைப்போம். பிளேயருக்கு எங்கே வைப்பது? அதற்கு நெற்றி என்று பார்த்தால் அந்தப் பெட்டிதான். ஆரோ பக்தியோடு அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டு வழிந்து ஊசியில் இறங்கியிருக்கிறது.

சந்தனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சந்தனம் கழுவினால் போய்விடும். ஆனால் கழுவிய பிறகு தெரிந்தது வேறு. தண்டு இடப்பக்கமாக வளைந்திருந்தது. நுனியில் வைரத் துகள் தன் இருப்பிடத்தில் நேராக இல்லை. சரிந்து, ஒரு விளிம்பு உளி மாதிரிக் கீழே நீட்டிக்கொண்டு நின்றது. காய்ந்த சந்தனத்தை ஆரோ எதனாலோ சுரண்டியிருக்க வேண்டும்.

மீற்றரை வைத்துப் பார்த்தேன். பெட்டி நல்லாயிருந்தது. ஊசி மட்டும்தான் பழுது.

சந்தோஷமாகத்தான் எழும்பினேன். இது கஷ்டமான விடயமே இல்லை. “பெட்டிக்கு ஒண்டுமில்லை ஐயா. ஊசி மட்டும் தனியக் கழரும். கடையிலை இதுக்குப் பொருந்திறது ஒண்டு கிடக்கு. நாளைக்கே கொண்டுவந்து நான் போட்டுவிடுறன். இந்த ஊசியோடை ஒரு தட்டும் போடாதையுங்கோ, வெட்டிப்போடும்.”

தலைவரின் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. படித்த பாடத்தை ஒப்புவித்த மாணவன் போல நின்றேன்.

“நான் குடுத்து எத்தினை மாசம்?” என்று அவர் கேட்டார். என்னிடம் இல்லை, செயலாளரிடம்.

“அது புதுச்சாமான்,” என்றார் செயலாளர்.

“புதுச்சாமான். பிறகென்னெண்டு பழுதாகும்?”

அப்போதுதான் தலைவர் முன்னே வந்து, பிளேயரின் கையைத் தூக்கி, ஊதினார்.

வேலை செய்யுதுதானே

கணேசண்ணை தட்டைக் கொடுக்காமல் நின்றதால், தலைவர் சங்கத்துத் தட்டொன்றை எடுத்தார். பழைய சினிமாப் பாட்டு. “இப்ப எல்லாரும் கேளுங்கோ,” என்று ஊசியை இறக்கினார்.

பாடியது.

பெரிய ஸ்பீக்கர்கள், வெறும் மண்டபம், பெண் குரல். செயற்குழுவில் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ‘ச’ வருகிற இடமெல்லாம் எண்ணெய்ச்சட்டியில் தண்ணீர் தெறித்த மாதிரிச் சீறியது. அதை நான் சொன்னேன்.

“அந்தக் காலத்துப் பாட்டு. அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் தாளம் போட்டவர்.

“வேலை செய்யுதுதானே தம்பி,” என்றார் செயலாளர்.

பாட்டு முடிந்ததும் நான் பிளேயரின் கையைத் தூக்கி, ஊசியை டோர்ச் வெளிச்சத்தில் காட்டினேன். நுனியில் கறுப்பாக, சுருள் சுருளாக, மயிரைவிட மெல்லிய சீவல்கள் தொங்கின. இது தட்டின் உடம்பு, இப்போது நீங்கள் கேட்ட பாட்டில் இவ்வளவு இனி இல்லை என்றேன். பூதக்கண்ணாடியை நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை.

ஒருவரும் வாங்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே நின்றவர்களில் ஒரு பொறியியலாளர் இருந்தார். வங்கியில் வேலை செய்தவர் இருந்தார். எல்லோரும் கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற தொழில்காரர். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிய எவ்வளவு நேரம் ஆகும்? குனிந்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தில் நிமிர்ந்து நின்றார்கள்.

“ஐயா, புது ஊசி ஒண்டு போட்டால் சரி,” என்று திரும்பவும் சொன்னேன்.

“புது ஊசி போட்டால், பழைய ஊசி பழுதெண்டுதானே அர்த்தம்?”

“ஓம்.”

“நாலு பேருக்கு முன்னாலை நான் பழுதான சாமானைக் குடுத்தனான் எண்டு ஆகுது. என்ன?”

நான் அப்படிச் சொல்லவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் அது அப்படித்தான் கேட்டது. எங்களிடம் நன்கொடை என்பது கொடுத்த நாளோடு முடிகிற விடயம் இல்லை. கொடுத்தவர் அதற்குள்ளேயே குடியிருப்பார். மின்விசிறி சத்தம் போட்டால் அதைக் கொடுத்தவருக்கு அவமானம் என்று, சத்தத்தோடு வருடக்கணக்கில் இருப்போம். ஒரு சின்ன ஊசி. பல் தீட்டும் பிரஷ் மாற்றுகிற மாதிரி மாற்றலாம். அதற்கு ஒரு மனிதருடைய மரியாதை முழுவதும் குறுக்கே வந்து நின்றது.

நீர் ஆற்றை மகன்?

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் தாழ்ந்து, கிட்டத்தட்ட அன்பாக வந்தது.

“நீர் எந்த ஊர் தம்பி?”

சொன்னேன்.

“கடற்கரைப் பக்கமோ?”

“ஓம்.”

“அப்பா என்ன செய்யிறார்?”

“கடலுக்குப் போறவர்.”

“ஓ,” என்றார். அந்த ஓ-வோடு கேள்வி முடிந்தது. செயலாளர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. என் பூதக்கண்ணாடி என்ன காட்டியது என்பதும் அத்தோடு முடிந்தது.

என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. அவர் இரவல் வலை வாங்கினாலும் படகில் ஏற்ற முன் கண் கண்ணாகக் கையால் தடவிப் பார்ப்பார். வலை கொடுத்தவர் பக்கத்தில் நின்று பீடி குடிப்பார். பார்க்காமல் ஏற்றினால்தான் அவர் ஏசுவார். அந்தக் கரையில் ஒருவருக்கும் அது அவமானமாகப் பட்டதில்லை. இத்தனை படித்தவர்கள் இருந்த மண்டபத்தில் அது அவமானமாகிப்போனது.

“கணேசு,” என்றார் தலைவர். “உனக்கென்ன யோசினை? உன்ரை அப்பற்றை பேரைத்தானே நாங்கள் மேடையிலை சொல்லப்போறம். கொண்டா.”

வயதில் கணேசண்ணை அவருக்கு மூத்தவர். அந்த மண்டபத்தில் பத்து வயதுப் பிள்ளைகளைக்கூட நீர் என்றுதான் தலைவர் கூப்பிடுவார், கணேசண்ணைக்கு மட்டும் நீ. கோயில் வீதியில் கணேசண்ணையின் தகப்பனார் முன்னே வாசித்துக்கொண்டு நடக்க, தலைவருடைய தகப்பனார் பின்னே வந்திருப்பார். திருவிழா முடிந்து சாப்பாடு போடும்போது வாசித்தவர்களுக்கு வேறு இடத்தில் இலை விழும். அந்த ஒழுங்கு கடல் கடந்து, குடிவரவு அதிகாரிகளைத் தாண்டி, கிங்ஸ்பரி வரைக்கும் அப்படியே வந்து சேர்ந்திருந்தது.

கணேசண்ணை பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“ஐயா, குறை நினையாதையுங்கோ,” என்றார். “ஊசியை மாத்துங்கோ. மாத்தினால் தாறன்.”

“மாத்தாட்டில்?”

“தரமாட்டன்.”

அவர் குரல் உயரவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். பையின் பிளாஸ்ரிக் சரசரத்தது.

சமையலறையில்

கையைக் கழுவச் சமையலறைக்குப் போனேன். தலைவரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், வடைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“தம்பி, அது சந்தனமோ?”

“ஓம் மாமி.”

“நான்தான் வைச்சனான். எல்லாத்துக்கும் வைச்ச மாதிரி அதுக்கும் வைச்சன். அடுத்த கிழமை போட்டுப் பாத்தால் பாட்டு வரேல்லை. காய்ஞ்சு இறுகிப்போச்சு. கொண்டை ஊசியாலை சுரண்டிப்போட்டன். பிறகு பாடிச்சுது.”

நான் குழாயை மூடினேன்.

“இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் தம்பி.”

“ஏசுவாரோ?”

“ஏசினால் காரியமில்லை. கதைக்க மாட்டார். ஒரு மாசம், ரெண்டு மாசம் கதைக்க மாட்டார். சோத்துக்கோப்பையைத் தள்ளி வைச்சு, தள்ளி வைச்சுத்தான் எனக்கு விசயம் சொல்லுவார்.”

சொல்லமாட்டேன் என்றேன். அவர் எனக்கு மூன்று வடை சுற்றித் தந்தார். அதில் ஒன்றை நான் கணேசண்ணைக்குக் கொடுத்தேன். அவர் சாப்பிடவில்லை.

மாமி இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில், இதை எழுதலாமா என்று கேட்டேன். சிரித்தார். “இனியென்ன. கொண்டை ஊசியையும் எழுதுங்கோ,” என்றார். தலைவர் லண்டனில்தான் இருக்கிறார். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகிறது என்று தெரியும். படிக்கட்டும்.

மேடையில் சொன்னது

ஊசியை மாற்றவில்லை. விழாவில் வழக்கம்போலக் கசெற்.

அதைப் போடுவதற்கு முன் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பட்டு வேட்டி, சால்வை. யாழ்ப்பாணத்து மேதை ஒருவரின் இசைத்தட்டோடு விழாவைத் தொடங்க நினைத்தோம் என்றார். கணேசண்ணையின் தகப்பனார் பெயரைச் சொல்லவில்லை. பிறகு சொன்னார்:

“ஆனால் ஒத்திகையிலை எங்கடை தம்பி ஒராள், ஆர்வக் கோளாறிலை, பிளேயரைக் கிண்டிப் பாத்து ஊசியைப் பழுதாக்கிப் போட்டார். இளம்பிள்ளையள்தானே. மன்னிப்பம்.”

மண்டபம் சிரித்தது. கோபமாகச் சிரித்திருந்தாலும் பரவாயில்லை, செல்லமாகச் சிரித்தது. முன் வரிசையிலிருந்து சிலர் திரும்பி என்னைத் தேடினார்கள். பெண்கள் பக்கத்தில் மாமி மடியில் இருந்த கைலேஞ்சியை மடித்து, விரித்து, மடித்துக்கொண்டிருந்தார். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பழுது இருக்கிறது என்று சொன்னவனே பழுதாக்கினவன். அன்றிலிருந்து பல வருடங்களுக்கு எனக்கு அதுதான் பெயர். கலியாண வீடுகளில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போனால், “ஊசித் தம்பி, தொடாதையும்,” என்று ஆராவது சொல்வார்கள். அதைச் சொன்னவர்களில் பாதிப்பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. ஒரு மனிதர் ஒலிவாங்கியில் சொன்னார், அது உண்மையாகிவிட்டது.

என் பக்கத்துக் கதிரையில் இருந்த கணேசண்ணை எழும்பினார். “தம்பி உடைக்கேல்லை,” என்று சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துக் கசெற் தொடங்கியது. இரண்டு ஸ்பீக்கரிலும், முழுச் சத்தத்தில், யாரென்று தெரியாத ஒருவருடைய நாதஸ்வரம். மங்கல இசை என்று மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. எல்லோரும் நின்றதால் அவர் நிற்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய வாய் அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

இசை முடிந்து எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்தபோது நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

குட்மேய்ஸில் ஒரு மத்தியானம்

அடுத்த ஞாயிறு கடையிலிருந்து ஒரு பிளேயரை இரவலாக வாங்கினேன். புது ஊசி ஒன்றைப் போட்டு, கடை மேசையில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெட்டியைப் போர்வையால் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். மேற்கிலிருந்து கிழக்குக்கு லண்டன் முழுவதையும் கடக்க வேண்டும். மடியில் வைத்திருந்தேன். ரயில் குலுங்கும்போதெல்லாம் முழங்காலை உயர்த்திப் பிடித்தேன்.

கணேசண்ணை வேலைக்குப் போகாமல் நின்றார். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, யன்னலில் காயப்போட்ட வெள்ளைச் சமையலறைச் சட்டை. வேட்டியைப் பிரித்து, தட்டை விளிம்பில் பிடித்து, எனக்கு நீட்டினார். நடுவிலிருந்த தாளில் தகப்பனாரின் பெயர் மங்கியிருந்தது.

ஊசியை இறக்கினேன்.

கொஞ்ச நேரம் தட்டின் இரைச்சல். பிறகு நாதஸ்வரம். எனக்கு இசை தெரியாது. என்ன ராகம் என்று கேட்கவும் துணியவில்லை. ஒரு நீண்ட பிடி முடிகிற இடத்தில், அடுத்தது தொடங்க முன், ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. கணேசண்ணை கட்டிலிலிருந்து எழும்பி பிளேயருக்குக் கிட்ட வந்து குந்தினார்.

“கேட்டதோ?”

“ஓம் அண்ணை.”

“அப்பா. மூக்காலை இழுக்கிறார். சளி அவருக்கு எப்பவும்.”

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாசிப்பைவிட்டு மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பிடிக்கு இடையிலும் அது வந்தது. கணேசண்ணை அதோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்தார். அவருக்கு அது தெரிந்திருக்காது.

தட்டின் பக்கம் முடிந்து பிளேயரின் கை எழும்பியது. கீழ்வீட்டில் ஆரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொருக்காப் போடட்டோ?” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொல்லத் தயங்கினார்.

“குறை நினையாதையும் தம்பி. முதல்லை ஊசியைப் பாரும்.”

நான் போட்ட புது ஊசி. காலையில் நானே பார்த்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தரையில் முழங்காலிட்டேன். முன்னாலிருந்து பார்த்தேன். பக்கத்திலிருந்து பார்த்தேன். நுனியில் ஒரு சீவலும் இல்லை. கண்ணாடியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

“என்னத்தைப் பாக்கோணும்?”

“வளைவு இருக்கோ, கறுப்பா ஏதும் தொங்குதோ எண்டு.”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லைத்தான் அண்ணை.”

“அப்ப போடும்,” என்றார்.